மூன்றாம் பாகத்தில் காணாமல் போன பதினோரு தாள்

அன்றைக்குத் தில்லை நகர் ஆபீஸின் ஏ.சி. அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பதிப்பக முதலாளி கதிரேசன். 'யாளிக்குன்றம்' ஏழு பாகங்களையும் எழுதிய வரதன் சார். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற நஸ்ரின். புத்தகங்களைப் பற்றி வீடியோ போடுகிற பிரவீன் என்ற தம்பி. அப்புறம் நான், தனலட்சுமி. அதே பதிப்பகத்தில் முப்பத்தோரு வருஷம் புரூப் பார்த்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவள். டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார், அவரைச் சேர்க்கவில்லை. ஆளெண்ணிக்கையை இப்படிக் கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை என்பதற்கு மற்ற நாலு பேரும் சாட்சி.

யாளிக்குன்றம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிறகு முளைத்த யாளிகள் பறக்கிற ஒரு நாடு. அதன் அரியணைக்கு மூன்று பேர் அடித்துக்கொள்கிறார்கள். நெடுவேல் என்கிற தளபதி நல்லவன், அவனைச் சுற்றித்தான் ஏழு பாகமும். இளவரசிக்கு வகுளா என்று ஒரு பணிப்பெண். எல்லாப் பாகத்திலும் கையில் விளக்கோடு பின்னால் நடந்து வருவாள். ஹாஸ்டல் பிள்ளைகள், பஸ் கண்டக்டர்கள், ரயில்வே காலனிப் பெண்கள் என்று எல்லாரும் படித்தார்கள். நாலாம் பாகம் வந்த அன்று கடை திறக்கும் முன்பே சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வரிசை நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

இப்போது ஏழையும் ஒன்றாகச் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டு ஒரே புத்தகமாகக் கொண்டுவருகிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நாங்கள் கூடியது திங்கட்கிழமை. பிரவீன், 'யாளிக்குன்றத்தில் பதினாலு ஓட்டை' என்று ஒரு வீடியோ போட்டு, அதை ஊரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. முதலாளிக்கு அது குடைச்சல். "திட்டினவரையே கூப்பிட்டு அடைச்சுட்டா போச்சு" என்று பிரவீனையே வரவழைத்துவிட்டார். பழைய ஆள், ஏதாவது ஞாபகம் இருக்கும் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

பிரவீன் போனைப் பார்த்துப் படித்தான்.

"முதல் ஓட்டை சார். ஒண்ணாம் பாகத்துல நெடுவேலோட குதிரை கறுப்பு. நாலாம் பாகத்துல வெள்ளை."

வரதன் சார் சிரித்தார். "வயசாயிடுத்துப்பா அதுக்கு. நரைச்சிருக்கும்."

"ரெண்டாவது. தலைநகர்லேர்ந்து குன்றத்துக்கு ஒன்பது நாள் பயணம்னு சொல்றீங்க. அஞ்சாம் பாகத்துல காலைல கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடறாங்க."

"பைபாஸ் போட்டிருப்பாங்க தம்பி" என்றார் கதிரேசன். நஸ்ரின் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்தது. குதிரை கறுப்பு என்று படித்துப் பக்கத்தின் ஓரத்தில் டிக் போட்டவளும் நான், வெள்ளை என்று படித்து டிக் போட்டவளும் நான். கறுப்பில் எழுத்துப்பிழை இல்லை, வெள்ளையிலும் இல்லை. என் கண் அதோடு நின்றுவிட்டது. எப்படி நின்றது? முப்பத்தோரு வருஷம் நான் என்னதான் படித்தேன்?

ஒன்பதாவதுக்கு வந்தபோது பிரவீன் போனைக் கீழே வைத்தான். மனப்பாடமாகச் சொன்னான்.

"இதுதான் சார் பெருசு. மூணாம் பாகம். நெடுவேலைக் கிணற்றுச் சிறையில போட்டுப் பூட்டறாங்க. ஏழு வாசல், ஏழு காவல், ஒரே சாவி. அத்தியாயம் முடியுது. அடுத்த அத்தியாயத்துல ஆள் குதிரை மேல போறான். எப்படி வெளிய வந்தான்? யாருக்கும் தெரியாது. பத்தாவது, வகுளா. ஏழு பாகத்துல அந்தப் பொண்ணு ஒரு காரியமும் பண்ணல. விளக்கு ஸ்டாண்டுக்குப் பேர் வெச்ச மாதிரி இருக்கு. மூணாம் பாகம் பாதி வரைக்குமாவது ஏதோ யோசிக்கிறா, கேள்வி கேக்கறா. அதுக்கப்புறம் அதுவும் கிடையாது. கடைசில தளபதிக்குக் கோபம் வரணுமேன்னு சாகடிச்சுட்டீங்க. நாலாம் பாகத்துல ஒரே ஒரு இடத்துல 'வகுளாவின் கருகிய கை'ன்னு வருது. எப்பக் கருகிச்சு? யாராவது சொன்னாத்தானே?"

வரதன் சாரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பிரவீனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு டீயை எடுத்துக்கொண்டார்.

கருகிய கை. அந்த இரண்டு வார்த்தை எனக்குள் ஒரு வரியை எழுப்பிவிட்டது. 'கொதிக்கும் சாவியை அவள் வெறுங்கையால் எடுத்தாள். வாசனை வந்த பிறகுதான் அது தன் கை என்று தெரிந்தது.' இந்த வரியை நான் படித்திருக்கிறேன். வரதன் சாரின் சாய்ந்த கையெழுத்தில், நீல மையில் படித்திருக்கிறேன். ஆனால் ஏழு பாகத்தில் எதிலும் அந்த வரி கிடையாது. ஏழையும் மும்மூன்று தடவை பார்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

பிறகு எங்கே படித்தேன்? நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

அதைச் சொல்ல வேண்டுமானால் சேவியர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் முசிறிப் பக்கம். எட்டாவது முடித்த வருஷம் அப்பா தவறிவிட்டார், படிப்பு அதோடு சரி. கல்யாணமாகித் திருச்சிக்கு வந்து, இங்கே பைண்டிங்கில் தாள் மடிக்கச் சேர்ந்தேன். மடிக்கும்போது வாய்விட்டுப் படிக்கிற பழக்கம். மேனேஜர் சேவியர் சார் ஒருநாள் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

"நாக்கு தடுக்காம படிக்கிறியே. எதுவரைக்கும் படிச்ச?"

"எட்டாவது சார்" என்றேன். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"அது போதும். ரொம்பப் படிச்சவங்க கண்ணு எழுத்தைப் பாக்காது, அர்த்தத்துக்கு ஓடிடும். நீ எழுத்தை மட்டும் பாரு."

அதுதான் எனக்குக் கிடைத்த பாடம். எழுத்தை மட்டும் பார். நான் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பேன், அவர் அச்செடுத்த புரூப்பில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவார். இதற்கு எங்களிடம் காப்பி பிடிப்பது என்று பெயர். மூன்றே வருஷத்தில் பென்சில் என் கைக்கு வந்தது.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அரைக்கை வெள்ளைச் சட்டை, மெலிந்த உருவம். தப்பு ஒன்று அச்சாகி வந்துவிட்டால் அந்தப் பக்கத்தின் மேல் பென்சிலைக் குறுக்கே வைப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். "தனம், இது நம்ம கண்ணு முன்னாடியா போச்சு?" என்பார். அந்த 'நம்ம'தான் கொல்லும். 'உன்' என்றால் அழுதுவிட்டுப் போகலாம்.

அவர் மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. இடது பக்கம் கையெழுத்துப் பிரதி, வலது பக்கம் இன்றைய புரூப், நடுவில் ஸ்டீல் ஸ்கேல். வேறு எதுவும் இருக்கக் கூடாது. முக்கியமாகப் பழைய புரூப் இருக்கவே கூடாது. முன்னொரு காலம் யாரோ முடிந்துபோன புரூப்பைப் புதுசு என்று நினைத்து மறுபடி திருத்தி, ஒரு பள்ளிப் புத்தகம் முழுக்கக் கெட்டதாம். அதனால் வேலை முடிந்த புரூப் கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே சணலில் கட்டி மேசைக்கடியில் போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் தராசோடு வருகிற பேப்பர்காரரிடம் அது போய்விடும். முடிந்தது என்பதற்கு அடையாளம் மேல் மூலையில் என் சிவப்பு மை டிக்.

இன்னொன்று, தப்பு டப்பா. பழைய பிஸ்கட் டின் ஒன்று அலமாரி மேல் இருக்கும். புத்தகம் அச்சாகி வந்த பிறகு கண்டுபிடிக்கிற தப்புக்கு, பார்த்தவர் வார்த்தைக்கு ஒரு ரூபாய் போட வேண்டும். தப்பான வார்த்தைக்கு ஒரு ரூபாய், விட்டுப்போன வார்த்தைக்கும் ஒரு ரூபாய். சேவியர் சாரும் போடுவார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதைக் கொட்டி எல்லாருமாகப் பிரியாணி சாப்பிடுவோம். நான் அதிகம் போட்டதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது. இப்போது எழுதவே கை கூசுகிறது.

வரதன் சார் அப்போது பேங்க் வேலையில் இருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார், மஞ்சப்பையில் கையெழுத்துப் பிரதி இருக்கும். அத்தியாயத்துக்கு நம்பர் போட மாட்டார். "நடுவுல ஒண்ணைச் செருகுவேன், ஒண்ணை எடுப்பேன். நம்பர் போட்டா கையைக் கட்டிடும்" என்பார். தலைப்பு மட்டும் எழுதியிருக்கும். தாளுக்கும் ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒன்றிலிருந்துதான் எண். வந்த வரிசையில் அத்தியாய நம்பர் போடுவது என் வேலை. இதை எல்லாரும் கவனித்துக்கொள்ளுங்கள். அவர் பிரதியிலிருந்து ஓர் அத்தியாயம் அப்படியே காணாமல் போனால் எந்த எண்ணிலும் இடைவெளி விழாது.

டிக் போட்ட புரூப்பை அவருக்கு அனுப்பினால், "பார்த்தாச்சும்மா, எல்லாம் நன்னாயிருக்கு" என்பார். பார்க்க மாட்டார், தாளைத் திருப்பித் தரவும் மாட்டார். எழுதி முடித்ததைத் திரும்பப் படித்தால் அடுத்தது வராது என்று ஒரு பயம் அவருக்கு. என் பயம் எனக்கு, அவர் பயம் அவருக்கு. புரூப் தாள் ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும், பின்பக்கம் வெள்ளை. பேங்க்காரர் ஆயிற்றே, வெள்ளைத் தாளை வீணாக்க மனசு வருமா?

மூன்றாம் பாகத்துப் பிரதி வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பையைக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். மேசைமேல் கொட்டினேன். அத்தியாயங்களுக்கு நடுவே இரண்டாம் பாகத்தின் பழைய புரூப் பதினோரு தாள். மேல் மூலையில் என் சிவப்பு டிக். வாசலில் பேப்பர்காரர் தராசை எடுத்து வைத்துவிட்டார். "பழைய புரூப்பா தனம்?" என்று சேவியர் சார் அங்கிருந்தே கேட்டார்.

மேல் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பின்பக்கத்தில் மூன்றே வரி, மிச்சம் வெறும் தாள். ஏதோ தோன்றியதைக் கிறுக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். கட்டு தலைகீழாக இருக்கிறது, நான் பார்ப்பது அத்தியாயத்தின் கடைசித் தாள், அதனால்தான் மூன்று வரி, அடியில் மற்ற பத்துத் தாளின் முதுகிலும் எழுத்து நிறைந்திருக்கிறது என்பதெல்லாம் என் புத்திக்கு எட்டவில்லை. இன்னொரு தாளைத் திருப்பியிருந்தால் போதும். ஒரே ஒரு தாள்.

"ஆமா சார், பழசு" என்றேன். சணலில் கட்டினேன். எடைக்குப் போட்டேன்.

இது அத்தனையும் அந்த ஏ.சி. அறையில், ஒரு டீ ஆறுவதற்குள் என் கண் முன்னால் வந்து போயிற்று. காதில் கதிரேசனின் குரல் விழுந்தது.

"இதுக்கு என்னங்க பெரிய யோசனை? 'அன்றிரவு காவலாளிகள் அயர்ந்து உறங்கிவிட்டனர்'னு ஒரு வரி போட்டுட்டா போச்சு. நஸ்ரின், டைப் பண்ணும்மா."

"ஏழு பேருமா சார்?" என்றாள் நஸ்ரின்.

"மருந்து கலந்த மோர் குடிச்சாங்கன்னு வெச்சுக்க."

"சார், நீங்க சொல்லுங்க" என்று பிரவீன் எழுத்தாளரிடம் திரும்பினான்.

"போட்டுக்கோங்கோ. எல்லாம் உங்க இஷ்டம்" என்றார் வரதன் சார். அடுத்தவர் வீட்டுக் கதையைப் பேசுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

பிரவீன் கெட்டிக்காரன். விடவில்லை. "மேடம், நீங்கதானே புரூப் பார்த்தீங்க. நடுவுல ஏதாவது அத்தியாயம் இருந்த ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்ல தம்பி" என்றேன்.

வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. வரதன் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்தேன். காவிரிப் பாலம் தாண்டும்போதுதான் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் இருக்கிறேன் என்பதே உறைத்தது. ராஜகோபுரத்துக்கிட்ட இறங்கி உத்திர வீதிக்கு நடந்தேன். நாலு மணி வெயில். சொன்னால் என்ன ஆகும்? நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவாரா? கிராஜுவிட்டியைத் திருப்பிக் கேட்பார்களா? பேரனுக்குத் தெரிந்தால்? இதையெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். ஆனால் வெள்ளிக்கிழமை மருந்து கலந்த மோர் அச்சாகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெண் வகுளா எந்தக் காலத்திலும் விளக்கு ஸ்டாண்டுதான். சொல்வதானால் இன்றைக்குத்தான் சொல்ல வேண்டும்.

அவர் மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். சார் தனியாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ தனம்மா. காபி கலக்கட்டுமா?"

"வேணாம் சார்" என்று நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். டிக், சணல், தராசு, பதினோரு தாள் எல்லாம். ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன்.

ஊஞ்சல் நின்றது. அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"அப்போ... நீங்க அதைப் படிக்கவே இல்லையா?"

"கடைசி மூணு வரி மட்டும் சார்."

"படிச்சுட்டு வேண்டாம்னு எடுத்துட்டேள்னு நெனச்சுண்டிருந்தேன். இத்தனை வருஷமா."

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நானா? உங்க எழுத்தை எடுக்க நான் யாரு சார்? எட்டாவது படிச்சவ."

"சேவியர் சொல்லியிருக்கார். தனம் காப்பி பிடிக்கறச்சே குரல் தொய்ஞ்சா அந்தப் பக்கம் தேறாதுன்னு. அன்னிலேர்ந்து நீங்க படிக்கறதைக் காரிடார்ல நின்னு கேப்பேன். உங்களுக்குத் தெரியாது. மூணாம் பாகம் அச்சாகி வந்தது. பிரிச்சுப் பார்த்தா அந்த அத்தியாயம் இல்லே. சரி, நன்னா இல்லே போலிருக்கு, நம்ம கிட்டச் சொல்லச் சங்கடப்பட்டுண்டு எடுத்துட்டா போலிருக்குன்னு இருந்துட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்!"

"எப்படிக் கேக்கறது? ஏன் எடுத்தேள்னு கேட்டா, நன்னா இல்லேன்னு இன்னொரு தரம் சொல்லுவேள். ஒரு தரம் போதாதா?"

அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"அதுக்கப்புறம் அவளை எழுத உக்காந்தா கை ஓடல்லே. இவாளுக்கு இவளைப் பிடிக்கல்லேன்னு பட்டுது. நாலாம் பாகத்துல பழக்க தோஷத்துல கருகின கைன்னு ஒரு இடத்துல வந்துடுத்து, அடிக்க மறந்துட்டேன். மத்தபடி விளக்கைக் குடுத்துப் பின்னாடி நிறுத்திட்டேன். கடைசில கொன்னும் போட்டுட்டேன். ஒண்ணு சொல்லட்டுமா தனம்மா? நான் எழுதினதுல நன்னாயிருந்தது அது ஒண்ணுதான்."

ஓர் ஓட்டைக்கு மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். நாலு பாகத்துக்கு ஒரு பெண்ணை ஊமையாக அடித்திருக்கிறேன் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. பிரவீன் பட்டியலில் ஒன்பதும் பத்தும் வேறு வேறு குற்றம் இல்லை, இரண்டும் ஒரே சணல் கட்டு.

"நகல் இருக்கா சார்?"

"ஏது நகல்? தாளே ஓசித்தாள்."

"திரும்ப எழுதுங்க சார். வெள்ளிக்கிழமை அச்சு."

கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் ஆடின. "கையெழுத்துப் போடறதே பெரும்பாடு."

"நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்."

அங்கிருந்தே கதிரேசனுக்குப் போன் போட்டேன். அவரைச் சின்னப் பையனாக அரைக்கால் சட்டையில் பார்த்தவள் நான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்களா?" என்றார். வேறு யாராவது செய்திருந்தால் திட்டியிருப்பார். "பேப்பர் கணக்கு முடிஞ்சு போச்சுக்கா. ஒரு பக்கம் கூட ஏத்த முடியாது."

"புத்தகத்தோட கடைசி ஃபாரத்துல நம்ம பதிப்பக விளம்பரம் எட்டுப் பக்கம் இருக்கு தம்பி. அதை எடுத்துட்டா இடம் வரும்."

மறுமுனையில் பக்கக் கணக்கை எண்ணிப் பார்த்தார். பிறகு, "புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். எட்டுப் பக்கம், அதுக்கு மேல ஒரு வரி கிடையாது" என்று வைத்துவிட்டார்.

செவ்வாயும் புதனும் காலையில் போய் ஊஞ்சலுக்குக் கீழே உட்கார்ந்தேன். புது நோட்டு வாங்கிப் போனேன். அட்டையில் கொட்டையாக 'மூன்றாம் பாகம், புதுப் பிரதி, எடைக்குப் போடக் கூடாது' என்று எழுதினேன். அதைப் பார்த்து அவர் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பழைய வாக்கியங்கள் அவருக்கு வரவே இல்லை. அந்தக் கடைசி மூன்று வரி மட்டும் என்னிடம் இருந்தது. அங்கிருந்து பின்னோக்கிப் போனோம். சாவி ஏன் கொதிக்கிறது? பெரிய விளக்கின் சுடருக்கு நேர் மேலே சங்கிலியில் தொங்குகிறது, யாரும் தொடக் கூடாது என்பதற்காக. விளக்கை அணைத்தால் காவலுக்குத் தெரிந்துவிடும். எரியும்போதே எடுக்க வேண்டும்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எழுத்தை விட்டுவிட்டுக் கதையைக் கேட்டேன். கேட்டதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், ஏழு வாசல்ல ஒருத்தனாவது எங்கடி போறேன்னு அவளைக் கேப்பானே?"

அவர் ஊஞ்சலைக் காலால் உந்தினார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"விளக்குக்கு எண்ணெய் ஊத்தப் போறவளை எவன் கேப்பான்? மூணு பாகமா அவ எல்லாக் கதவையும் தாண்டித்தானே வந்துண்டிருக்கா. யாராவது பார்த்தாளா? படிச்சவா பார்த்தாளா? நீங்க பார்த்தேளா? அதுக்குத்தானே தனம்மா அவ கையில விளக்கைக் குடுத்தேன்!"

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். விளக்கு ஸ்டாண்டு என்று ஊரே சிரித்ததே, அந்த விளக்குதான் சாவி. முதல் பாகத்திலிருந்து திட்டம் போட்டு வைத்திருக்கிறார். நான் எடைக்குப் போட்டது அதை.

"ஏழாம் பாகத்துல செத்துப் போறாளே சார், அதை என்ன செய்யறது?"

"அதைத் தொட நேரமில்லே. ஆனா இப்ப படிக்கறவாளுக்குச் செத்தது யாருன்னு தெரியும்."

வியாழக்கிழமை தில்லை நகரில் நஸ்ரின் புரூப் எடுத்தாள். நான் நோட்டை வைத்து உரக்கப் படித்தேன், அவள் பென்சில் ஓட்டினாள். கடைசி மூன்று வரி வந்தபோது என் குரல் போய்விட்டது. "அக்கா, தண்ணி குடிங்க" என்று பாட்டிலைத் தள்ளினாள். அவளுக்கும் கண் நனைந்திருந்தது. வரதன் சார் காரிடாரில் நின்றுகொண்டிருந்தார், இந்தத் தடவை எனக்குத் தெரிந்தே.

பிரவீனும் வந்து படித்தான். எட்டுப் பக்கமும் முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"மேடம், அன்னிக்கு ஞாபகம் இல்லன்னீங்களே?"

"பொய் சொன்னேன் தம்பி."

அவன் போனைத் திறந்து பட்டியலில் இரண்டை அடித்தான். "பதினாலுல ரெண்டு அடைஞ்சுது. மிச்சம் பன்னெண்டு இருக்கு" என்றான்.

"குதிரையைத் தொடாதே. அது நரைச்சதாவே இருக்கட்டும்" என்றார் வரதன் சார்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயிற்று. புத்தகம் வந்துவிட்டது. பதிப்பகத்தின் மாத மடலில், வேலை பார்த்த அனுபவத்தை எழுதுங்கள் என்று நஸ்ரின் கேட்டாள். ஏதாவது நல்லதாக எழுதுவேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு எழுத இருந்தது இது ஒன்றுதான். வரதன் சாரைப் பார்த்து இத்தனை காலம் சிரித்தவர்கள், இனி என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

சேவியர் சார் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் அந்த டப்பா அலமாரி மேலேயே இருந்தது, நஸ்ரின் அதில் ஸ்டேப்ளர் பின் போட்டு வைத்திருந்தாள். கொட்டச் சொன்னேன். புது அத்தியாயத்தில் எத்தனை வார்த்தை என்று கேட்டேன். கம்ப்யூட்டர் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு என்று காட்டியது. "எதுக்குக்கா?" என்றாள். விட்டுப்போன வார்த்தைக்கு ஒரு ரூபாய், அந்தச் சட்டத்தை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை என்றேன். பழைய அத்தியாயம் இதைவிடப் பெரியது என்கிறார் வரதன் சார். அந்தப் பதினோரு தாளில் எத்தனை வார்த்தை இருந்தது என்று இனி யாராலும் எண்ண முடியாது, அதற்கு நான் கட்டவும் முடியாது. எண்ண முடிந்ததற்கு மட்டும் கணக்கு வைத்து, அன்றைக்கே ஐந்நூறு ரூபாய் போட்டேன். பாக்கி ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு ரூபாய்.